பழைய பெரிய டிஷ்: வாங்கலாமா, வேண்டாமா?
(குழுக் கூட்டத்தில் படித்துப் பேசுவதற்கான பாடம்)



பூவிருந்தவல்லி பக்கம் ஒரு குழுத் தோழி, உள்கடன் வாங்கி காயலான் கடையில் எட்டு அடி டிஷ் ஒன்றும் கூடவே ஒரு பழைய பெட்டியும் வாங்கினார். "எல்லா சேனலும் வரும்மா, மாசக் காசே கிடையாது" என்று கடைக்காரர் சொன்னாராம். ஆட்டோவில் ஏற்றி, ஆள் வைத்து மாட்டியும் ஒரு படம்கூட வரவில்லை. கடன் தவணை மட்டும் மாதாமாதம் வந்தது. அந்தத் தோழி கேட்ட கேள்வி: "டிஷ் கெட்டுப்போச்சா, இல்ல நான்தான் ஏமாந்தேனா?" அவருக்கான பதில்தான் இந்தப் பாடம்.

அம்பத்தூர், ஆவடி, திருமுல்லைவாயல் பக்கம் மொட்டை மாடிகளில் இன்றும் பெரிய டிஷ்கள் துருப்பிடித்து நிற்கின்றன. 1990களில் கேபிள்காரர்களும் வசதியான வீட்டுக்காரர்களும் வைத்தவை. அவற்றில் சில இன்னும் உதவும். எது உதவும் என்று நாமே சோதிக்கக் கற்றுக்கொள்வோம்.

டிஷ் என்ன வேலை செய்கிறது?

செயற்கைக்கோள் பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வரும் அலை மிக மெல்லியது. மழைத் தண்ணீரைக் குடத்தில் சேர்க்கப் பெரிய புனல் வைப்போம் அல்லவா? டிஷ்ஷும் அப்படித்தான். பரந்து விழும் அலையை ஒரே புள்ளியில் குவிக்கிறது. அந்தப் புள்ளியில் இருக்கும் எல்.என்.பி. என்ற சின்னக் கருவி அதைப் பிடித்து, பெரிதாக்கி, கேபிள் வழியாகப் பெட்டிக்கு அனுப்புகிறது. ஆக டிஷ், எல்.என்.பி., பெட்டி மூன்றும் பொருந்தினால்தான் படம் வரும்.

வலை ஓட்டையில் இருக்கிறது சூட்சுமம்

1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, 'சைட்' என்ற திட்டத்தில், நம் நாட்டின் ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியாக டி.வி. காட்டினார்கள். விவசாயம், உடல்நலம், பள்ளிப்பாடம் எல்லாம் வந்தது. அந்த டிஷ் எதில் செய்தது தெரியுமா? கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பி வலையில்தான்! பத்து அடி அகலம்.

கோழி வலையில் அலை எப்படி நின்றது? அந்த அலையின் நீளம் சுமார் 35 சென்டிமீட்டர். அலை நீளமாக இருந்தால் ஓட்டை பெரிதாக இருந்தாலும் நழுவாது. சல்லடையில் நெல் நிற்கும், மாவு இறங்கிவிடும் என்பதுபோல.

மாடியில் நிற்கும் பெரிய டிஷ்கள் 'சி பேண்ட்' அலைக்குச் செய்தவை. அதன் நீளம் சுமார் ஏழரை சென்டிமீட்டர். இப்போது வீட்டுக்கு வீடு இருக்கும் இரண்டு அடி டிஷ் பிடிப்பது 'கே.யு. பேண்ட்'. அதன் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர்தான். வலை ஓட்டை அலை நீளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பொதுக் கணக்கு. சி பேண்டுக்கு ஏழு மில்லிமீட்டர் வரை போகலாம். கே.யு. பேண்டுக்கு இரண்டரை மில்லிமீட்டர்தான்.

நம் தோழி வாங்கிய டிஷ்ஷின் ஓட்டையில் சுண்டுவிரல் நுழைந்தது. அதில் எந்த எல்.என்.பி. மாட்டினாலும் சின்ன டிஷ்ஷில் வரும் சேனல்கள் வரப்போவதில்லை. சி பேண்டுக்கும் அது நம்பிக்கையானது இல்லை.

வாங்குமுன் ஐந்து சோதனை

1. நூல் சோதனை: டிஷ்ஷின் விளிம்பில் எதிர் எதிராக இரண்டு நூலைக் கூட்டல் குறிபோல் இழுத்துக் கட்டுங்கள். நடுவில் இரண்டும் லேசாகத் தொட வேண்டும். மேல் நூலைக் கீழாக மாற்றியும் பாருங்கள். நடுவில் இடைவெளி தெரிந்தாலோ, ஒன்றை ஒன்று அமுக்கினாலோ டிஷ் முறுக்கிக்கொண்டிருக்கிறது.

2. ஓட்டைச் சோதனை: மேலே சொன்ன அளவை மனதில் வைத்துப் பாருங்கள். வலை கிழிந்த இடம், ஒடுங்கிய இடம் எத்தனை என்றும் எண்ணுங்கள்.

3. தாங்கி: அடிக்குழாயும் போல்ட்டும் துருப்பிடித்து உதிர்ந்தால் வேண்டாம்.

4. எல்.என்.பி.: வாய் மூடி உடைந்து தண்ணீர் போயிருந்தால் உதவாது. புதிதாக மாற்றிவிடலாம். சி பேண்டுக்குச் சி பேண்ட் எல்.என்.பி.தான் கேட்டு வாங்க வேண்டும்.

5. பெட்டி: 1990களின் அனலாக் பெட்டி இன்று வெறும் எடைக்குத்தான். எம்பெக்-4 படிக்கும் டிஜிட்டல் பெட்டி வேண்டும். கடையிலேயே ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

எல்.என்.பி.யை எங்கே வைப்பது?

பழைய டிஷ்ஷில் கம்பிகள் வளைந்திருந்தால் குவியும் புள்ளி தெரியாது. அதற்கு ஒரு கணக்கு உண்டு. டிஷ்ஷின் அகலத்தை அதே எண்ணால் பெருக்குங்கள். நடு ஆழத்தை 16 ஆல் பெருக்குங்கள். முதல் விடையை இரண்டாவதால் வகுங்கள்.

எட்டு அடி என்றால் 96 அங்குலம். ஆழம் 16 அங்குலம் என்று வைப்போம். 96 பெருக்கல் 96 = 9,216. 16 பெருக்கல் 16 = 256. வகுத்தால் 36. டிஷ்ஷின் நடுவிலிருந்து 36 அங்குலத்தில் எல்.என்.பி.யின் வாய் இருக்க வேண்டும். பத்தாவது படிக்கும் பிள்ளையைக் கூப்பிட்டுப் போடச் சொல்லுங்கள், சந்தோஷமாகப் போட்டுத் தரும்.

மாதக் காசு இல்லாமல் பார்க்க வேண்டுமா?

அதற்குப் பெரிய டிஷ்ஷே தேவையில்லை. தூர்தர்ஷன் 2004 டிசம்பரில் 'டி.டி. டைரக்ட் பிளஸ்' என்று தொடங்கியது இப்போது 'டி.டி. ஃப்ரீ டிஷ்' என்ற பெயரில் நடக்கிறது. மாதக் கட்டணம் கிடையாது. 2024 ஜனவரியில் பொதிகை பெயர் மாறி வந்த டி.டி. தமிழும் இதில் உண்டு. வீட்டில் சந்தா நிறுத்திய இரண்டு அடி டிஷ் சும்மா கிடந்தால் அதையே திருப்பி வைக்கலாம். ஆனால் அந்த டிஷ் உங்களுடையதா, கம்பெனி திருப்பிக் கேட்குமா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்தச் சேவை வரும் செயற்கைக்கோள் ஜிசாட்-15. அது 93.5 டிகிரி கிழக்கில் இருக்கிறது. நம் ஆவடி, அம்பத்தூர் பக்கத்திலிருந்து பார்த்தால் அக்னி மூலை, அதாவது தென்கிழக்கு. உயரம் சுமார் 68 டிகிரி. தென்னை மரமோ மாடிச் சுவரோ மறைக்கக் கூடாது. சின்ன டிஷ்ஷின் எல்.என்.பி. கீழே தள்ளி இருப்பதால், டிஷ்ஷின் முகம் வானத்தைப் பார்க்காமல் சற்று நிமிர்ந்தே நிற்கும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஒருவர் டி.வி.யில் 'குவாலிட்டி' கோட்டைப் பார்த்துச் சொல்ல, இன்னொருவர் விரல்கடை அளவு நகர்த்தி, சில விநாடி நிறுத்திப் பார்க்க வேண்டும். கோடு ஏறிய பிறகு எல்.என்.பி.யையும் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், இன்னும் ஏறும்.

எல்லாத் தமிழ் சேனலும் இதில் வராது. முதலில் வைத்திருக்கிற வீட்டில் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பெரிய டிஷ்ஷிலும் பூட்டில்லாத இலவச சேனல்கள்தான் வரும், கட்டணச் சேனல் வராது. பலத்த மழையில் சின்ன டிஷ் படம் நிற்கும், பெரிய டிஷ் தாக்குப்பிடிக்கும். அது ஒன்றுதான் பெரிய டிஷ்ஷின் பலம்.

உயிருக்கு முதலிடம்

எட்டு அடி டிஷ்ஷுக்கு சுமார் 50 சதுர அடி பரப்பு. காற்று அதில் மோதினால் பாய்மரம்போல் இழுக்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் நம் பக்கம் எத்தனை மரத்தைச் சாய்த்தது என்று நாம் பார்த்தோம். சிமெண்ட் ஷீட் கூரையிலோ தகரக் கொட்டகையிலோ இதை மாட்டவே கூடாது. தரையில் குழி வெட்டிக் கான்கிரீட் போட்டு நட்டுவைப்பதே நல்லது. மின்கம்பி பக்கத்தில் இருந்தால் அந்த இடமே வேண்டாம். கேபிள் மாட்டும்போது பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். இடி இடிக்கத் தொடங்கும் முன்பே கேபிளையும் கழற்றி வையுங்கள். பளபளக்கும் வெள்ளிப் பெயிண்ட் அடிக்காதீர்கள்; வெயிலும் குவிந்து எல்.என்.பி. உருகிவிடும்.

இன்னொன்று. ஒரு டிஷ் வைத்து, காசு வாங்கிக்கொண்டு தெருவுக்கே கேபிள் கொடுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். 1995 கேபிள் சட்டப்படி பதிவு செய்யாமல் அதைச் செய்யக் கூடாது.

நம் தோழி கடைசியில் என்ன செய்தார்? வீட்டில் கிடந்த சின்ன டிஷ்ஷைத் திருப்பி, ஒரு பெட்டி மட்டும் வாங்கி, இலவசமாகப் பார்க்கிறார். எட்டு அடி வலையைக் கவிழ்த்து நான்கு கம்பத்தில் கட்டினார். இன்று அதில் பாகல் கொடி படர்ந்திருக்கிறது. "டி.வி. தெரியலன்னாலும் குழம்புக்குக் காய் தெரியுது" என்று சிரிக்கிறார். கடனும் அடைந்துவிட்டது.

கூட்டத்தில் பேசுங்கள்

1. உங்கள் வீட்டில் டி.வி.க்கு மாதம் எவ்வளவு போகிறது? மாதம் 200 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 2,400 ரூபாய். அது உங்கள் எத்தனை மாதச் சேமிப்பு?

2. பழைய பொருள் வாங்க உள்கடன் கேட்டால், கடன் கொடுக்கும் முன் குழு என்னென்ன கேட்க வேண்டும்?

3. உங்கள் தெருவில் ஆபத்தாக நிற்கும் பழைய டிஷ் உண்டா? மழைக்காலத்துக்கு முன் இறக்க யாரிடம் சொல்லலாம்?