ஹாட்யாய் வரை தாங்குமா இந்த சீட்?

ஞாயிறு காலை போர்ட் கிள்ளானில் ஒரு மாமக் கடை வாசலில் பத்து மோட்டார் வரிசையாக நின்றால், உள்ளே பேச்சு என்னவென்று எட்டிப் பார்க்காமலே சொல்லிவிடலாம். அடுத்த நீண்ட விடுமுறைக்கு ஹாட்யாயா, பெத்தோங்கா? தே தாரேக் ஆறுவதற்குள் அது ‘எந்த மோட்டார் எடுக்கலாம்’ என்று திரும்பியிருக்கும். அங்கே கிடைக்கும் ஆலோசனையில் பாதி, மோட்டார் விற்பவர் சொன்னது. மீதி, எல்லையே தாண்டாதவர் சொன்னது. இரண்டையும் நம்பி வெள்ளியைக் கொட்டியவன் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன்.

இங்கிருந்து புக்கிட் காயு ஹீத்தாம் ஏறத்தாழ 500 கிலோமீட்டர். அங்கிருந்து ஹாட்யாய் இன்னும் அறுபது. ஒரே நாளில் போய்விடலாம் என்பதால்தான் முதுகையும் மணிக்கட்டையும் பற்றி யாரும் கிளம்பும் முன் யோசிப்பதில்லை.

“வெளிநாடு என்றால் பெரிய சிசி வேண்டும்.”

ஈப்போவைச் சேர்ந்த விரிவுரையாளர் அனித்தா யூசோஃப் 2015-இல் கிளம்பி 2016-இல் திரும்பினார். தனி ஆளாக உலகைச் சுற்றிய அந்தப் பயணம் ஏறத்தாழ 65,000 கிலோமீட்டர். அவர் ஓட்டியது யமாஹா எஃப்இசட் 150ஐ. நம் ஊரில் வேலைக்குப் போக வர வைத்திருப்பார்களே, அதே 150 சிசி ரகம்.

அதற்காக கப்சாயே போதும் என்று சொல்லிவிட மாட்டேன். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 110 வரை போகலாம். சின்ன எஞ்சின் அந்த வேகத்தை எட்டுவதற்கே கத்த வேண்டியிருக்கும். அந்த அதிர்வு கைப்பிடியிலும் கால்மிதியிலும் ஏறி, மூன்றாவது மணி நேரத்தில் விரல்கள் மரத்துவிடும். எண்பதில் நிதானமாகப் போகிறவருக்கு இந்தத் தொல்லை பெரிதாக இராது. வேகமாகப் போயே ஆகவேண்டும் என்றால் 250 அல்லது அதற்கு மேல் எடுங்கள். ஆனால் உங்கள் லைசென்ஸ் பி2 என்றால் 250-தான் எல்லை. 500 வரை பி1, அதற்கு மேல் முழு பி. இதை மறந்து முன்பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

எடையையும் பாருங்கள். பி.எம்.டபிள்யூ. ஆர் 1250 ஜிஎஸ் சுமார் 250 கிலோ. நெடுஞ்சாலையில் அது சொர்க்கம். ஹாட்யாய்ச் சந்தில் ஹோட்டல் வாசல் சரிவில் நிறுத்திவிட்டுப் பின்னால் தள்ளிப் பாருங்கள், சொர்க்கம் எந்தப் பக்கம் என்று தெரியும். சென்னைக்கு அருகே தயாராகும் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450, 200 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஓசூரில் டி.வி.எஸ். தயாரித்த பி.எம்.டபிள்யூ. ஜி 310 ஜிஎஸ் அதைவிடவும் இலேசு. (தமிழ்நாட்டில் செய்தது என்பதற்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் அதற்காகவும்தான்.)

“மெத்தென்ற சீட்தான் சுகம்.”

என்னை அதிகம் ஏமாற்றிய நம்பிக்கை இதுதான். ஒரு கடையில் கூடுதல் பஞ்சு வைத்து சீட் தைத்துக்கொண்டேன். ரவாங் வரை வீட்டு சோபாதான். தாப்பா ஓய்விடத்தில் இறங்கியபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். சுங்கை பேராக் தாண்டியதும் பாதித் தூரம் கால்மிதியில் எழுந்து நின்றே ஓட்டினேன். பின்னால் வந்த லோரிக்காரர் என்னை என்ன நினைத்தாரோ.

காரணம் எளிது. உட்காரும்போது உடல் எடை முழுவதும் இரண்டு சிறிய எலும்புகளின் மேல் இறங்குகிறது. மென்மையான பஞ்சு அந்த எடையிலும் சூட்டிலும் ஒரு மணி நேரத்தில் நசுங்கிப்போகும். அப்புறம் நீங்கள் உட்கார்ந்திருப்பது பஞ்சின் மேல் அல்ல, அடியில் உள்ள பிளாஸ்டிக் பலகையின் மேல். அகலமாகவும் சற்று இறுக்கமாகவும் இருக்கும் சீட், எடையைத் தொடை வரை பரப்பிவிடும். கடையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் அது கல் போலத்தான் தோன்றும். அந்த ஐந்து நிமிடத்தை நம்பித்தான் எல்லாரும் தவறாகத் தேர்ந்தெடுக்கிறோம்.

சீட் முன்பக்கம் சரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சரிந்திருந்தால் ஒவ்வொரு பிரேக்கிலும் டாங்கியை நோக்கி வழுக்குவீர்கள், உங்கள் கைகள் உங்களையே பின்னால் தள்ளிக்கொண்டிருக்கும். நம் ஊர் வெயிலில் வியர்வை வேறு. தடித்த தையல் உள்ள ஜீன்ஸ் போட்டுக்கொண்டு சீட்டைக் குறை சொல்வதும் நடக்கிறது.

“காலை முன்னால் நீட்டி ஓட்டும் குரூசர்தான் சொகுசு.”

படத்தில் பார்க்க அப்படித்தான் இருக்கும். கால்மிதி முன்னால் இருந்தால் எடை முழுவதும் இடுப்பு எலும்பில் நிற்கும். பள்ளம் வரும்போது காலை ஊன்றி உடலைத் தூக்க முடியாது, அடி நேரே முதுகெலும்புக்குப் போகும். பந்தய மோட்டார்களில் இதற்கு நேர்மாறாக மணிக்கட்டு செத்துவிடும். சீட், கால்மிதி, கைப்பிடி மூன்றும் சேர்ந்து போடும் முக்கோணம் உங்கள் உடலுக்குப் பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி. முதுகு ஏறக்குறைய நிமிர்ந்து, முழங்கை சற்று மடங்கி, பாதம் முழங்காலுக்கு நேர் கீழே அல்லது சற்றே பின்னால் இருந்தால் போதும். ஆறடிக்காரருக்குப் பொருந்துவது ஐந்தடி மூன்றங்குலக்காரருக்குப் பொருந்தாது. நண்பர் சொன்னார் என்று வாங்காதீர்கள்.

“இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பட வேண்டும்.”

படத் தேவையில்லை. முன்பாதம் இரண்டும் ஊன்றினால் போதும். ஆனால் பின்னால் மனைவியும் இரண்டு பெட்டியும் ஏறிய பிறகும் அது முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

“கண்ணாடி உயரமாக இருந்தால் காற்று படாது.”

படும், ஆனால் கலைந்த காற்றாக. கண்ணாடியின் விளிம்பில் உடைந்த காற்று நேராக ஹெல்மெட்டில் மோதினால் தலை ஆடும், காது இரையும். தெளிந்த காற்று நெஞ்சில் படுவதே மேல் என்று பலர் கண்ணாடியைக் குறைத்துக்கொள்கிறார்கள். நம் பருவநிலையில் காற்றே படாமல் ஓட்டுவது தண்டனை.

“பின் ஸ்பிரிங்கைத் தளர்த்தினால் குலுங்காது.”

தனியாகப் போகும்போது சரி. ஆளும் சாமானும் ஏறினால் இறுக்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் அடி தட்டும், முன்விளக்கு வானத்தைப் பார்க்கும். கனமான சாமானைப் பின் பெட்டியில் திணிக்காமல் இரு பக்கப் பெட்டிகளில் தாழ வையுங்கள். பெட்டி எத்தனை கிலோ தாங்கும் என்று பெரும்பாலும் அதற்குள்ளேயே எழுதியிருக்கும்.

வாங்கும் முன் எப்படிச் சோதிப்பது? வாடகைக்கோ நண்பரிடமோ அந்த மோட்டாரை வாங்கி, பெட்டிகளோடும் துணையோடும் காப்பார், கோலசிலாங்கூர், சிக்கிஞ்சான் வழியாக சபாக் பெர்ணம் வரை ஓட்டுங்கள். நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான் இருக்கும். லோரிகளும் குழிகளும் வயல்காற்றும் சேர்ந்து விற்பனையாளர் சொல்லாததைச் சொல்லும். ஒருமுறை கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் தடத்திலும் போங்கள். 1970-களில் போட்ட தடம் அது. அகலப் பெட்டி மாட்டியவருக்கு அங்கே ஒவ்வொரு வளைவும் பரீட்சை.

கடைசியாக, யாரும் சொகுசில் சேர்க்காத ஒன்று. கெரானில் உங்கள் பெயர் இருக்கிறதா? மோட்டார் அண்ணன் பெயரிலோ வங்கிக் கடனிலோ இருந்தால் அவர்களின் அனுமதிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆசியான் நாடுகளின் 1985 ஒப்பந்தப்படி நம் லைசென்ஸ் தாய்லாந்தில் செல்லும். வழக்கமான மலேசியக் காப்புறுதியோ மலேசியா, சிங்கப்பூர், புருணையோடு நின்றுவிடும். தாய்லாந்தின் கட்டாயக் காப்புறுதியை எல்லையைத் தாண்டும் முன்பே எடுத்துவிடுங்கள்.