மின்சார சைக்கிளின் ஓட்ட தூரமும் பாட்டரியும்

மின்சார சைக்கிள் வாங்க வருபவர் முதலில் கேட்கும் கேள்வி, ஒரு முறை மின்னேற்றினால் அது எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதே. இதற்குக் கடையில் பெரும்பாலும் ஓர் எண் மட்டுமே பதிலாகக் கிடைக்கிறது. ஆனால் ஒரே மோட்டாரும் ஒரே வகைச் சக்கரங்களும் கொண்டு, பாட்டரியின் மீது ஒரே அளவு பொறிக்கப்பட்டிருக்கும் இரு சைக்கிள்களுள் ஒன்று 24 கிலோமீட்டரிலும் மற்றொன்று 37 கிலோமீட்டரிலும் நின்றுவிடக் கூடும். பாட்டரியினுள் அடங்கிய பொருள்களின் தன்மையே இவ்வேறுபாட்டிற்குக் காரணம். 10 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தொழிற்சாலைக்கு நாள்தோறும் சென்று திரும்பும் ஒருவருக்கு இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. மாலையில் வண்டியில் வீடு வந்து சேர்வதா, அல்லது 35 கிலோ எடையைத் தள்ளிக்கொண்டு நடப்பதா என்பது இதைப் பொறுத்தது.

மின்சாரத்தால் ஓடும் சைக்கிள் புதிய கற்பனையன்று. 1881-ஆம் ஆண்டிலேயே குஸ்தாவ் த்ரூவே என்ற பிரெஞ்சுக்காரர் பாரிஸ் நகரத் தெருவில் மின்சார முச்சக்கர சைக்கிள் ஒன்றை ஓட்டிக் காட்டினார். 1895-இல் அமெரிக்காவில் ஆக்டன் போல்டன் என்பவர், பின்சக்கரத்தின் குடத்திலேயே மோட்டாரை அமைத்து, சட்டத்தின் நடுவே 10 வோல்ட் பாட்டரியைத் தொங்கவிட்ட சைக்கிளுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று ஓடும் வண்டிகளின் அமைப்பும் ஏறக்குறைய இதுவே. மோட்டார் அன்றே தயாராக இருந்தது. அதற்கு ஏற்ற பாட்டரிதான் இல்லை. 1859-இல் காஸ்தோன் பிளாந்தே கண்டுபிடித்த காரீயப் பாட்டரியை விட்டால் அக்காலத்தில் வேறு வழியில்லை. லிதியம் அயனி மின்கலம் 1991-இல்தான் விற்பனைக்கு வந்தது.

இந்தியாவில் 250 வாட்டுக்குக் குறைந்த திறனும், மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும், பாட்டரி நீங்கலாக 60 கிலோவுக்கு மேற்படாத எடையும் உள்ள வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. அதற்குப் பதிவும் வேண்டியதில்லை, ஓட்டுநர் உரிமமும் வேண்டியதில்லை. ஆகவே இவ்வகை வண்டிகளில் மோட்டாரின் திறன் ஏறக்குறைய ஒன்றாகவே அமைந்துவிடுகிறது. ஒன்றுக்கொன்று பெரிதும் மாறுபடுவது பாட்டரியே.

ஒரு கிலோமீட்டருக்கு வேண்டிய சக்தி

வண்டியும் ஆளும் சேர்ந்து 100 கிலோ என்று கொள்வோம். சமமான தார்ச்சாலையில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் செல்லுகையில், டயர்கள் உருளுவதால் ஏற்படும் தடை சுமார் 8 நியூட்டன். எதிர்க்காற்றின் தடை சுமார் 17 நியூட்டன். மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு காற்றுக்கே போய்விடுகிறது என்பது கவனிக்கத்தக்கது. இந்த 25 நியூட்டன் தடையை வென்று ஒரு கிலோமீட்டர் செல்லச் சக்கரத்தில் 7 வாட்-மணி சக்தி வேண்டும். மோட்டாரில் வீணாகும் பகுதியையும், இடையிடையே நின்று புறப்படுவதற்கான செலவையும் கூட்டினால் பாட்டரியிலிருந்து சுமார் 11 வாட்-மணி எடுக்கப்படுகிறது. ஓட்டுபவர் தாமும் மிதித்தால் இதில் பாதியே போதுமானதாகலாம்.

பாட்டரியில் அடங்கிய சக்தியை அறிய வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்க வேண்டும். 36 வோல்ட், 12 ஆம்பியர்-மணி என்று குறிக்கப்பட்ட பாட்டரியில் 432 வாட்-மணி உள்ளது. அதை 11-ஆல் வகுத்தால் 39 கிலோமீட்டர் கிடைக்கிறது. கடையில் சொல்லப்படும் எண் பெரும்பாலும் இத்தகைய வகுத்தலில் பிறந்ததே. லிதியம் பாட்டரியைப் பொறுத்தவரை இது உண்மைக்கு வெகு தூரமில்லை; காரீயப் பாட்டரிக்கோ சிறிதும் பொருந்தாது.

பொறித்த அளவும் கிடைக்கும் அளவும்

பொதுவாகக் காரீயப் பாட்டரியின் மீது பொறிக்கப்படும் ஆம்பியர்-மணி, அதன் சக்தியை 20 மணி நேரத்தில் மெல்ல மெல்ல இறக்கி அளந்ததாகும். 12 ஆம்பியர்-மணி என்றால், 0.6 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் தரும் என்பதே பொருள். சைக்கிள் மோட்டாரோ சுமார் 7 ஆம்பியர் கேட்கிறது. மின்னோட்டம் மிகுந்தால் காரீயப் பாட்டரி தரும் மொத்த அளவு குறையும் என்பதை 1897-இல் பாய்க்கர்ட் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி ஒரு விதியாக வகுத்தார். அவ்விதியின்படி கணக்கிட்டால் 12 ஆம்பியர்-மணியில் 7 முதல் 8 வரையே கைக்கு வரும். 7.3 என்று கொண்டால் 263 வாட்-மணி. அதாவது 24 கிலோமீட்டர்.

மீதி எங்கே போயிற்று? அது அழிந்துவிடவில்லை, எட்டாத இடத்தில் தங்கிவிட்டது. காரீயப் பாட்டரியில் கந்தக அமிலமும் வேதியியல் மாற்றத்தில் பங்கு கொள்கிறது. தகடுகள் பஞ்சு போன்ற நுண்துளைகள் நிறைந்தவை. மின்சாரத்தை மெதுவாக எடுத்தால், வெளியே உள்ள அமிலம் அத்துளைகளுக்குள் ஊறிச் சென்று தகட்டின் உட்பகுதியையும் பயன்படுத்த அவகாசம் உண்டு. விரைவாக எடுத்தாலோ, துளைகளுக்குள் இருந்த அமிலம் முதலில் தீர்ந்துவிடுகிறது. மேற்புறத்தில் காரீய சல்பேட் படிந்து வழியை அடைக்கிறது. உள்ளே பயன்படாத பொருள் இருக்கும்போதே மின் அழுத்தம் சரிந்து மோட்டார் நின்றுபோகிறது. நின்ற வண்டி, ஓட்டுபவர் தேநீர்க் கடையில் சற்று இளைப்பாறிய பின் மீண்டும் அரைக் கிலோமீட்டரோ ஒரு கிலோமீட்டரோ ஓடுவதைப் பலர் கண்டு வியப்பதுண்டு. அந்த இடைவேளையில் அமிலம் உள்ளே ஊறியதே அதன் இரகசியம்.

சைக்கிளுக்கென்றே தயாரிக்கப்படும் சில காரீயப் பாட்டரிகளில் 2 மணி நேர இறக்கத்தில் அளந்த எண்ணே பொறிக்கப்படுகிறது. அவற்றில் இந்த ஏமாற்றம் மிகக் குறைவு. ஆகையால், எத்தனை ஆம்பியர்-மணி என்பதோடு, அது எத்தனை மணி நேரக் கணக்கு என்பதையும் கேட்டறிவது அவசியம்.

லிதியம் அயனி மின்கலத்தின் வேலை வேறு விதமானது. அதில் லிதிய அயனிகள் கிராபைட்டின் அடுக்குகளுக்குள் புகுந்தும், அவற்றினின்று வெளியேறி எதிர்ப்புறத்திலுள்ள ஆக்சைடின் அடுக்குகளுக்குள் புகுந்தும் இடம் மாறுகின்றனவே தவிர, இடையிலுள்ள திரவம் செலவாவதில்லை. எனவே 7 ஆம்பியர் எடுத்தாலும் பொறித்த அளவில் நூற்றுக்கு 95 பங்கு கிடைக்கிறது. 410 வாட்-மணி, 37 கிலோமீட்டர்.

எடையின் பங்கு

லிதியம் பாட்டரி இலேசாக இருப்பதால்தான் வண்டி அதிக தூரம் ஓடுகிறது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது ஓரளவே சரி. காரீயத்தின் அணு எடை 207. ஓர் அணு இரண்டு எலெக்ட்ரான்களைத் தருகிறது. லிதியத்தின் அணு எடை 7. ஓர் அணு ஓர் எலெக்ட்ரானைத் தருகிறது. ஆக ஓர் எலெக்ட்ரானுக்குச் சுமக்க வேண்டிய எடை ஏறக்குறைய பதினைந்தில் ஒரு பங்கு. மின் அழுத்தமும் காரீயக் கலத்தில் 2 வோல்ட், லிதியக் கலத்தில் 3.6 வோல்ட். எனினும் ஆக்சைடு, கிராபைட், செப்புத் தகடு, உறை எல்லாம் சேரும்போது இந்த அனுகூலம் சுருங்கிவிடுகிறது. முடிவில், மேற்கூறிய 432 வாட்-மணிக்குக் காரீயப் பாட்டரி சுமார் 12 கிலோவும் லிதியம் பாட்டரி சுமார் 3 கிலோவும் நிற்கின்றன.

இந்த 9 கிலோ வேறுபாடு சமதரையில் கூட்டும் தடை 0.7 நியூட்டன் மட்டுமே. ஓட்ட தூரத்தில் ஒரு கிலோமீட்டர்கூடக் குறையாது. ஆனால் இருபதுக்கு ஒன்று ஏறும் மேட்டில் அதே 9 கிலோ மேலும் 4.4 நியூட்டனைச் சுமத்துகிறது. சிம்லாவிலும் உதகமண்டலத்திலும் எடையைப் பார்க்க வேண்டும். சமவெளி நகரங்களில் அதைப் பெரிதாகப் பாராட்ட வேண்டியதில்லை. மூன்றாம் மாடியில் குடியிருந்துகொண்டு, மின்னேற்றுவதற்காகப் பாட்டரியை இரவுதோறும் தூக்கிச் செல்பவரின் நிலை வேறு.

நிக்கல்-காட்மியம் பாட்டரி, 1899-இல் ஸ்வீடன் நாட்டு யுங்னர் கண்டது, இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. காட்மியம் நஞ்சாகையால் சைக்கிளில் அதற்கு இப்போது இடமில்லை.

லிதியம் பாட்டரிகளிலும் இரு வகைகள் பெருவழக்கில் உள்ளன. நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் ஆகியவற்றின் ஆக்சைடைக் கொண்டது மிக இலேசானது. இரும்பு பாஸ்பேட்டைக் கொண்டது அதைவிடச் சற்று கனமானது. ஆனால் உஷ்ணத்தை நன்கு தாங்குவது, நெடுநாள் உழைப்பது. பிந்திய வகையின் ஒரு குணம் ஓட்டுபவரை ஏமாற்றக் கூடியது. அதன் மின் அழுத்தம் தொடக்கம் முதல் கிட்டத்தட்ட இறுதி வரை 3.2 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். வோல்ட்டைக் கொண்டு மீதியைக் காட்டும் மலிவான காட்டி, கடைசிக் கிலோமீட்டர்கள் வரை பாட்டரி நிறைந்திருப்பதாகவே காட்டிவிட்டுத் திடீரென்று கைவிடும்.

ஓராண்டிற்குப் பின்

புதிய பாட்டரியில் அளந்த தூரம் மட்டும் போதாது. முழுதும் இறக்கி ஏற்றும் வேலையில் சாதாரணக் காரீயப் பாட்டரி 300 முதல் 400 முறை ஆவதற்குள் ஐந்தில் ஒரு பங்கு வலிமையை இழந்துவிடும். அப்போது 24 கிலோமீட்டர் 19 ஆகிறது. நாள்தோறும் 20 கிலோமீட்டர் செல்ல வேண்டிய தொழிலாளி, ஏறத்தாழ ஓராண்டு முடிந்த பின் ஒரு மாலையில், வீட்டுக்கு ஒரு கிலோமீட்டர் முன்பாக இறங்கி நடக்க நேரிடுவது இதனால்தான். அதே இழப்புக்கு ஆக்சைடு வகை லிதியம் பாட்டரி 500 முதல் 1,000 முறையும், இரும்பு பாஸ்பேட் வகை 2,000 முறையும் தாங்கும். அப்போதும் சுமார் 30 கிலோமீட்டர் ஓடும். வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் காரீயப் பாட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிறது. லிதியத்திற்கு நேர்மாறான ஓர் இடர்ப்பாடும் உண்டு: லடாக் போன்ற இடங்களில் உறைநிலைக்குக் கீழே அதை மின்னேற்றினால் லிதியம் உலோகமாகப் படிந்து பாட்டரி கெடும்.

இவ்வளவும் கூறியது காரீயத்தை ஒதுக்கிவிடுவதற்கன்று. விலை மலிவு, பழையதாயினும் காரீயத்திற்கென்று ஒரு விலை உண்டு. நாளொன்றுக்கு 10 கிலோமீட்டர் மட்டும் செல்பவரின் பாட்டரி ஒருபோதும் பாதிக்குக் கீழே இறங்காது. அந்நிலையில் அதன் ஆயுளும் பெருகுகிறது. அவருக்கு அதுவே தகுந்தது. 20 கிலோமீட்டர் செல்பவருக்கோ, மலிவாக வாங்கியது ஆண்டுதோறும் மாற்ற வேண்டிய செலவாக முடியும்.

பழைய வண்டியில் காரீயத்தை எடுத்துவிட்டு லிதியத்தைப் பொருத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 36 வோல்ட் காரீயப் பாட்டரிக்கான மின்னேற்றி சுமார் 44 வோல்ட் வரை செல்லும். ஆக்சைடு வகைக் கலங்கள் பத்தைத் தொடராக இணைத்த லிதியம் பாட்டரியின் எல்லை 42 வோல்ட். அதனுள் இருக்கும் காவல் சுற்று தடுத்துவிடும் என்று நம்பிப் பழைய மின்னேற்றியையே மாட்டுவது தீ விபத்தில் முடியலாம். பாட்டரியுடன் மின்னேற்றியையும் மாற்றியாக வேண்டும்.