மாரிக்கு முன் மல்ரிமீற்றரைக் கையில் எடுங்கள்

இன்னும் சில கிழமைகளில் ஐப்பசி மழை பிடித்துவிடும். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு ஒரு வருடத்தில் கிடைக்கும் மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில்தான் விழுகிறது. 2008 நவம்பரில் நிசா, 2020 டிசம்பரில் புரெவி, 2025 நவம்பர் கடைசியில் தித்வா என்று புயல்களும் இந்த மாதங்களில்தான் வந்தன. ஐஸ் தொழிற்சாலை, நண்டும் இறாலும் பதப்படுத்தும் கொட்டகை, மயிலிட்டி, பருத்தித்துறை, குருநகர்ப் பக்கத்துப் படகுப் பட்டறைகள், தண்ணீர் இறைக்கும் நிலையங்கள் என ஈரத்தில் மின்வேலை செய்கிறவர்கள் எல்லோரும் கூரை ஓட்டையை இப்போது அடைக்கிறார்கள். அதே கையோடு தங்கள் மல்ரிமீற்றரையும் எடுத்துப் பார்க்க வேண்டும். புதிது வாங்க நினைப்பவர்கள் இப்போதே கடையில் சொல்லி வையுங்கள். ஈரத்துக்குத் தாங்கும் மீற்றர் எல்லாக் கடையிலும் கையிருப்பில் இருக்காது. கொழும்பிலிருந்து வர நாள் எடுக்கும்.

ஈரமான இடத்தில் மீற்றர் உடைந்து போவது பெரிய ஆபத்து அல்ல. உடைந்தது கண்ணுக்குத் தெரியும், வேலையை நிறுத்துவோம். கரண்ட் இருக்கும் கம்பியில் வைத்து அது பூச்சியம் காட்டுவதுதான் ஆபத்து.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாரியில், ஐஸ் செய்யும் இடம் ஒன்றில் கொம்பிரசர் பனலைத் திறந்தேன். மூன்று பேஸிலும் வைத்துப் பார்த்தேன், மூன்றிலும் பூச்சியம். கையை உள்ளே விடப்போன நேரத்தில் பனல் கதவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருப்பது கண்ணில் பட்டது. அதனால்தான் தப்பினேன். பிறகு கறுப்பு லீட்டை வெட்டிப் பார்த்தபோது, செருகி இருக்கும் முனையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அதற்கு இரண்டு விரல் தள்ளி, உறைக்குள்ளே செப்பு நார்கள் கறுத்து, ஒன்றும் மிச்சமில்லாமல் அறுந்திருந்தன. வெளியே உறையில் ஒரு கீறல்கூட இல்லை. மீற்றரில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது லீட். மீற்றரை ஓம் நிலையில் வைத்து இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடியுங்கள். நல்ல லீட் என்றால் அரை ஓமுக்குள் காட்டும். பிடித்தபடியே, செருகும் இடத்திலும் கைபிடி தொடங்கும் இடத்திலும் கம்பியை மடக்கி அசையுங்கள். எண் துள்ளினால் லீட்டை எறிந்துவிடுங்கள். ரேப் சுற்றிப் பாவிக்காதீர்கள். புதிதாக வாங்கும்போது சிலிக்கோன் உறை போட்டதைக் கேளுங்கள். குளிர் அறையிலும் அது விறைக்காது. முனையில் வெளியே தெரியும் உலோகம் 4 மில்லிமீற்றருக்கு மேல் போகாமல் இருக்கட்டும். ஈரமான பனலுக்குள் நீளமான முனை வழுக்கினால் இரண்டு பேஸை ஒன்றாக்கிவிடும்.

அடுத்தது மீற்றரின் உடம்பு. அதில் ஐபி என்று ஒரு எண் இருக்கும்; ஐஈசி 60529 தரத்தில் வருவது. முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐபி 67 என்றால் தூசி புகாது, 1 மீற்றர் ஆழத்தில் 30 நிமிடம் கிடந்தாலும் உள்ளே தண்ணீர் போகாது. பெயரை மட்டும் பார்த்து வாங்கி ஏமாறாதீர்கள். ஃப்ளூக் 87 ஐந்தாம் பதிப்பு உலகம் முழுக்கப் பெயர் எடுத்த மீற்றர், ஆனால் அது ஐபி 30தான். தண்ணீருக்கு எந்தக் காப்பும் இல்லை. அதே குடும்பத்தின் 28 இரண்டாம் பதிப்பும், 87 ஐந்தாம் பதிப்பு மெக்ஸும் ஐபி 67. விலை கூடத்தான். ஒரு தொழிற்சாலைக்கு ஒன்று போதும், அதைப் பொதுவில் வாங்கி வையுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

ஐபி சோதனை நல்ல தண்ணீரில் செய்வது என்பதையும் மறக்க வேண்டாம். கடல்நீருக்கு அது உத்தரவாதம் இல்லை. நண்டுக் கொட்டகையில் ஹோஸ் பிடித்துத் தரை கழுவும்போது வரும் அழுத்தத்துக்கும் இல்லை. அதற்கு 65 என்ற எண்ணும் சேர்ந்து இருக்க வேண்டும். உப்புத் தண்ணீருக்குள் விழுந்தால் உடனே எடுத்து, லீட்டைக் கழற்றி, மூடியைத் திறக்காமல் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் பற்றரி மூடியைத் திறக்க வேண்டும். உவர் ஏறிய கிணற்றுத் தண்ணீரால் கழுவினால் உப்பைத்தான் மீண்டும் பூசுகிறீர்கள்.

தண்ணீர் புகாத மீற்றர் என்பதால் நனைந்த கையோடு அளக்கலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அளவுக் கருவிகளுக்கான ஐஈசி 61010 தரம் சாதாரண இடத்தில் 30 வோல்ற் ஏசிக்கு மேல் ஆபத்து என்று கொள்கிறது. ஈரமான இடத்துக்கு அதே கோடு 16 வோல்ற்றுக்கு இறங்கிவிடுகிறது. எங்கள் லைனில் ஓடுவது 230, மூன்று பேஸில் 400. கையைத் துடையுங்கள், இறப்பர்க் கையுறை போடுங்கள், காலடியில் தண்ணீர் நின்றால் காய்ந்த பலகையில் ஏறி நில்லுங்கள்.

உங்கள் உயிரைக் காப்பது மீற்றரில் உள்ள இன்னொரு எண். கற் என்று போட்டு 2, 3, 4 என ரோம எண்ணில் இருக்கும். பனலுக்கும் நிரந்தரமாகப் பூட்டிய மோட்டருக்கும் கற் 3, 600 வோல்ற் வேண்டும். வெளியிலிருந்து மின்சார லைன் உள்ளே வரும் இடத்தில் வேலை என்றால் கற் 4. இந்த மாதங்களில் பின்னேரத்து இடிமின்னல் லைனில் ஒரு கணத்துக்கு ஆயிரக்கணக்கான வோல்ற்றை ஏற்றிவிடும். கற் 3, 600 வோல்ற் மீற்றர் 6000 வோல்ற் பாய்ச்சலைத் தாங்குகிறதா என்று சோதிக்கப்படுகிறது. மலிவு மீற்றர்களிலும் கற் 4 என்று அச்சடித்திருப்பார்கள். கடையிலேயே பின்மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே 250 வோல்ற் கண்ணாடி பியூஸ் இருந்தால் அந்த அச்சை நம்பாதீர்கள். மணல் நிரப்பிய, 1000 வோல்ற் என்று எழுதிய தடித்த பியூஸ் இருக்க வேண்டும். அதையே இரண்டு மேலதிகமாக வாங்கி வையுங்கள். எரிந்த பியூஸுக்குக் கம்பி சுற்றிய மீற்றர் கையில் வெடிக்கும்.

ஒரு வேலைக்கு மட்டும் எவ்வளவு நல்ல மல்ரிமீற்றரும் உதவாது. மழையில் கிடந்த பம்ப் மோட்டரின் சுற்றுக்கும் எர்த்துக்கும் இடையில் மல்ரிமீற்றரை வைத்து, ஒன்றும் காட்டவில்லை, நல்லது என்று சுவிச்சைப் போடுகிறார்கள். அது சில வோல்ற் பற்றரியால் பார்க்கிறது. ஈரம் ஊறிய காப்பு 230 வோல்ற்றில் என்ன செய்யும் என்று அதற்குத் தெரியாது. 500 வோல்ற் மெகர் கொண்டுதான் பார்க்க வேண்டும். 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் மோட்டரைக் கழற்றிக் காயவைக்க வேண்டும். ட்ரிப் சுவிச் விழுந்துகொண்டே இருக்கிறது என்று அதை விலக்கி நேரே கொடுப்பதைக் கண்டால், அந்த இடத்தில் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். யாருக்கும் கோபம் வந்தாலும் பரவாயில்லை.

கரண்ட் இல்லை என்று உறுதிப்படுத்த மூன்று தடவை அளக்க வேண்டும். முதலில் கரண்ட் இருப்பது நிச்சயமான ஒரு இடத்தில், பிறகு வேலை செய்யும் இடத்தில், பிறகு மறுபடியும் முதல் இடத்தில். அன்று நான் அந்த முதல் அளவை எடுத்திருந்தால், பனலைத் திறக்க முதலே லீட் அறுந்தது தெரிந்திருக்கும்.

வேலை முடிந்ததும் ஐஸ் தொட்டிக்குப் பக்கத்து ஆணியில் மீற்றரைத் தொங்கவிடாதீர்கள். லீட்டைக் கழற்றி, செருகு குழிகளைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பை ஒன்றோடு மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். பற்றரி மூடியின் இறப்பர் வளையத்தில் மணல் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒரு மணல் இருந்தாலும் ஐபி 67 அங்கேயே போய்விடும்.