ரசீது வேறு, பெட்டி வேறு

திருப்பதி மலையடிவாரமான அலிபிரியிலிருந்து மலையேறும் பக்தர்கள் மூட்டை முடிச்சை கவுன்ட்டரில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்கிறார்கள். சுமார் 3,550 படி ஏறி, திருமலையில் அதை நீட்டி, அவரவர் பெட்டியைப் பெற்றுக்கொள்கிறார்கள். மென்பொருள் குழுக்களின் ஜிரா, கிட்லேப் போன்ற அமைப்புகளிலும் இதே ஏற்பாடுதான். ஒவ்வொரு பிழைக்கும் மாற்றத்துக்கும் ஒரு டிக்கெட் எண் உண்டு. தேவையை எழுதும் நாள் முதல் ரிலீஸ் வரை அந்த எண் கூடவே வரும். இந்த அமைப்பைக் கட்டிக்காக்கும் அட்மின் வேலை பற்றி மூன்று தவறான நம்பிக்கைகள் நிலவுகின்றன.

நம்பிக்கை: டிக்கெட்டில் ஃபீல்டுகளைக் கூட்டினால் கட்டுப்பாடு கூடும்.

உண்மை: ஒரு பிழையை மூடப் பத்து ஃபீல்டு கட்டாயம் என்றால், டெவலப்பர் ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி வைத்துவிட்டு நகர்வார். உண்மையான பேச்சு வாட்ஸ்அப்புக்குப் போய்விடும். புது ஃபீல்டு கேட்டு வருபவரிடம், “இதை வைத்து என்ன முடிவெடுக்கப் போகிறீர்கள்?” என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் சேர்க்காதீர்கள்.

நம்பிக்கை: கிளவுடில் இருந்தால் கவலையில்லை.

உண்மை: 2022 ஏப்ரல் 5 அன்று, ஜிராவை உருவாக்கிய அட்லாசியன் நிறுவனத்திலேயே ஒரு ஸ்கிரிப்ட் ஓடியது. பழைய செயலி ஒன்றை மட்டும் நீக்குவதுதான் திட்டம். ஆனால் செயலியின் அடையாள எண்ணுக்குப் பதில் முழுத் தளத்தின் எண் கொடுக்கப்பட்டிருந்தது. 775 வாடிக்கையாளர்களின் தளங்கள் அழிந்தன. சிலருக்கு அவை திரும்பி வர இரண்டு வாரம் ஆனது. அழிக்கும் கட்டளைக்கு இரண்டாவது ஆளின் கண் கட்டாயம் வேண்டும்.

நம்பிக்கை: பேக்கப் தினமும் ஓடுகிறது, அது போதும்.

உண்மை: 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். வழக்கமான பேக்கப்பைத் தேடினால் கிடைக்கவில்லை. மென்பொருள் பதிப்பு பொருந்தாமல் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. அதை எச்சரிக்கும் மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. அழிப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு, வேறொரு வேலைக்காகத் தற்செயலாக எடுத்த நகல்தான் காப்பாற்றியது. இடைப்பட்ட தகவல் போனது போனதுதான்.

மலையடிவாரத்தில் வாங்கிய ரசீது, மேலே பெட்டி கைக்கு வந்தால்தான் செல்லும். பேக்கப்பும் அப்படித்தான். இந்த வாரமே ஒரு பழைய புராஜெக்டை டெஸ்ட் சர்வரில் ரீஸ்டோர் செய்து, அதில் ஒரு டிக்கெட்டைத் திறந்து படித்துப் பாருங்கள்.