காலி வைன் போத்தலைத் தூக்கிப் போடாதீங்க!

தீபாவளி, கிறிஸ்துமஸ், சீனப் புத்தாண்டு, கல்யாண விருந்து என்று ஒரு சுற்று முடிந்தால் கோலா கெத்தில் பக்கம் தோட்டத்து வீட்டுப் பின்கட்டிலும் தாமான் வீட்டு வாசலிலும் காலிப் போத்தல்கள் வரிசை கட்டி நிற்கும். குடிக்காத வீட்டுக்காரங்களும் இதைப் படிக்கலாம்; அக்கம்பக்கத்திலும் விருந்து நடந்த மண்டபத்திலும் கேட்டால் சும்மாவே தருவாங்க. கெட்டிக் கண்ணாடி, கரும்பச்சை நிறம், 750 மில்லி கொள்ளளவு, கூடவே ஒரு நல்ல தக்கை. இப்படி ஒரு சாமானைக் கடையில் கேட்டால் வெள்ளி கணக்கில் விலை சொல்வாங்க. நம்ம வீட்டில் சும்மா நிற்பதை வேலை வாங்கலாம், வாங்க.

1. லேபிளை நகத்தால் சுரண்டி விரலை நோகடிக்க வேண்டாம். பாத்திர சோப்பு கலந்த வெந்நீரில் அரை மணி நேரம் முக்கி வச்சா காகிதம் வழுக்கிக்கிட்டு வந்துவிடும். மிச்சம் நிற்கிற பசைக்குத் தேங்காய் எண்ணெயும் சமையல் சோடாவும் குழைத்துப் பூசி, பத்து நிமிடம் கழித்துப் பழைய துணியால் துடைங்க.

2. கழுத்து குறுகலாக இருப்பதால் உள்ளே பிரஷ் போகாது. ஒரு பிடி நொய்யரிசி, கொஞ்சம் வினிகர், கால் போத்தல் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, வாயை மூடி நன்றாகக் குலுக்குங்க. சிவப்பு வைன் அடியில் விட்ட கறையும் போய்விடும். அதே நொய்யை வடிகட்டி அடுத்த போத்தலுக்கும் போடலாம். வேலை முடிந்த பிறகு அது செடிக்கு.

3. தக்கை உள்ளே விழுந்துவிட்டதா? மெல்லிய பிளாஸ்டிக் பையைச் சுருட்டிப் போத்தலுக்குள் விட்டு, அதன் வாயை மட்டும் வெளியே பிடித்துக்கொள்ளுங்க. போத்தலைக் கவிழ்த்துத் தக்கை கழுத்துப் பக்கம் வந்ததும் பைக்குள் ஊதுங்க. பை உப்பித் தக்கையைக் கவ்விக்கொள்ளும். அப்படியே மெதுவாக இழுத்தால் இரண்டும் சேர்ந்து வெளியே வரும்.

4. சாப்பிடும் பொருள் ஊற்றப் போகிற போத்தலை ஒருமுறை வேக வைப்பது நல்லது. அகலமான பாத்திரத்தின் அடியில் துணி விரித்து, போத்தலைப் படுக்க வைத்துப் பச்சைத் தண்ணீரில் தொடங்கி மெல்லச் சூடேற்றிப் பத்து நிமிடம் கொதிக்க விடுங்க. சூட்டோடு எடுத்து ஈரத் திண்ணையில் வச்சால் விரிசல் விடும். அதே தண்ணீரில் ஆற விட்டு எடுங்க.

5. நல்லெண்ணெய்க்கும் தேங்காய் எண்ணெய்க்கும் பெரிய எதிரி வெளிச்சமும் சூடும்தான். கரும்பச்சைப் போத்தல் வெளிச்சத்தைத் தடுப்பதால் எண்ணெய் சீக்கிரம் காறல் வாடை அடிக்காது. அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீங்க. போத்தல் சொட்டு ஈரமில்லாமல் காய்ந்திருக்கணும்.

6. இது எனக்கு ரொம்பப் பிடித்த குறிப்பு. தக்கையின் பக்கவாட்டில், மேலிருந்து கீழ் வரை, கூர்மையான கத்தியால் எதிரெதிரே இரண்டு சின்னக் காடி கீறுங்க. ஒன்றில் எண்ணெய் வரும், இன்னொன்றில் காற்று உள்ளே போகும். ஒரே காடி இருந்தால் எண்ணெய் திக்கித் திக்கி விழும், இரண்டு இருந்தால் நூல் பிடித்த மாதிரி ஒழுகும். தோசைக்கல்லைச் சுற்றி விடவும், கார்த்திகைக்கு வரிசை அகல்களில் எண்ணெய் ஊற்றவும் கரண்டியே தேவைப்படாது. ஒரு மாதத்தில் எவ்வளவு எண்ணெய் மிஞ்சுகிறது என்று நீங்களே பாருங்க.

7. இன்னொரு தக்கையில் குடைக்கம்பியைச் சூடுகாட்டி ஐந்தாறு துளை போட்டால் இஸ்திரி போடத் தண்ணீர் தெளிக்கும் போத்தல் ரெடி. பிள்ளைகளின் பள்ளிச் சட்டை ஞாயிற்றுக்கிழமை காலையில் விறைப்பாக நிற்கும். நமக்குக் கெடாவில் வெள்ளியும் சனியும்தானே விடுமுறை, சனிக்கிழமை ராத்திரியே முடித்துவிடலாம்.

8. கடுகு, வெந்தயம், கசகசா மூன்றும் போத்தலில் வைக்க ஏற்றவை. குறுகிய வாய் என்பதால் தாளிக்கும்போது அளவாக விழும், ஈரக்கை உள்ளே போகவும் வழியில்லை. மிளகாய்த்தூள், மல்லித்தூள் வேண்டாம், கழுத்தில் அடைத்துக்கொள்ளும்.

9. சிலி பாடி ஒரு பிடி, தோல் உரித்த பூண்டு நாலு பல், கொஞ்சம் உப்பு, சீனி போட்டு வினிகரைக் காய்ச்சி ஆற வைத்து ஊற்றி மூடுங்க. ஒரு வாரத்தில் அந்த வினிகர் மீ கோரெங்குக்கும் பொரித்த மீனுக்கும் ஊற்றிச் சாப்பிட அருமையாக இருக்கும். தீரத் தீர மேலே வினிகர் விட்டுக்கொண்டே வரலாம்.

10. கம்பத்தில் கெலுலுட் தேன் வாங்கி ஊற்றி வைக்கிறவங்க தக்கையை இறுக்கி அடிக்காதீங்க. சாதாரணத் தேனைவிட இதில் தண்ணீர்ச் சத்து அதிகம். தானாகவே புளித்து வாயு கட்டும். தக்கையைத் தளர்வாக வைத்து, பாதுகாப்பாகக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்க.

11. சப்பாத்திக் கட்டை இல்லாத பிள்ளைகள், கோலாலம்பூரிலோ பினாங்கிலோ அறை எடுத்துத் தங்கியிருப்பாங்க இல்லையா, அவங்களுக்கு ஒரு போத்தலைக் கழுவிக் கொடுங்க. குளிர்ந்த தண்ணீர் நிரப்பி மூடித் தேய்த்தால் கனம் கிடைக்கும், மாவும் ஒட்டாது.

12. பால்மரம் வெட்டப் போகிறவங்க வீட்டில் ரப்பர் பூட்ஸ் காய்வதே இல்லை. இரண்டு போத்தலில் பாதிவரை மணல் நிரப்பி, தக்கை போட்டு நிறுத்தி, பூட்ஸைத் தலைகீழாக அதன்மேல் கவிழ்த்து வையுங்க. தண்ணீர் வடியும், காற்று போகும், பூரானும் தேளும் உள்ளே புகுந்து படுப்பது குறையும். காலையில் போடும் முன் ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பதை மட்டும் விட்டுவிடாதீங்க.

13. நாள் முழுக்க நடந்த பாதம் வலித்தால், நாற்காலியில் உட்கார்ந்து குளிர்ந்த தண்ணீர்ப் போத்தலைப் படுக்க வைத்துப் பாதத்தால் முன்னும் பின்னும் உருட்டுங்க. எழுந்து நின்று மிதிக்கவே கூடாது.

14. சனவரி, பிப்ரவரி வறட்சியில் கறிவேப்பிலைத் தொட்டி இரண்டே நாளில் சுருண்டுவிடும். போத்தல் நிறையத் தண்ணீர் பிடித்து, பெருவிரலால் வாயை மூடிக் கவிழ்த்து, ஈரமண்ணுக்குள் நாலு விரல்கடை ஆழம் சொருகுங்க. மண் காயக் காயத் தண்ணீர் இறங்கும். இரண்டு நாள் பினாங்குக்குப் போய் வந்தாலும் செடி வாடாது. போத்தலைக் கொஞ்சம் சாய்த்தே சொருகுங்க, காரணம் அடுத்த குறிப்பில் இருக்கு.

15. போத்தல்களைத் தலைகீழாகப் புதைத்துப் பாத்திக்கு வரப்பு கட்டினால் பச்சை நிறத்தில் கண்ணைப் பறிக்கும், கரையான் அரிக்காது, காசும் செலவில்லை. ஆனால் வைன் போத்தலின் அடியைத் தடவிப் பாருங்க, உள்நோக்கிக் குழிந்திருக்கும். கவிழ்த்ததும் அந்தக் குழி மேலே வந்து மழைத்தண்ணீரைப் பிடித்து வைக்கும். ஏடிஸ் கொசு முட்டையிட அந்த இத்தனூண்டு தண்ணீரே போதும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள்தான் ஆகும். அதனால் குழிகளை சிமெண்டாலோ மணல் கலந்த களிமண்ணாலோ மட்டமாக நிரப்பிவிட்டு அழகு பாருங்க.

16. மணி பிளாண்ட் கொடியைத் தண்ணீர்ப் போத்தலில் விட்டால் ஜன்னலுக்கு அழகு. கொடி போக மிச்ச வாயைப் பஞ்சால் அடைத்துவிடுங்க. வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றும்போது பழைய தண்ணீரை மண்ணில் ஊற்றுங்க, சாக்கடையில் வேண்டாம்.

17. இப்போது தக்கைக்கு வருவோம். உலகத் தக்கையில் ஏறக்குறைய பாதி போர்ச்சுகலிலிருந்து வருகிறது; அங்கே ஒரு வகை ஓக் மரத்தை வெட்டாமல் பட்டையை மட்டும் உரிக்கிறாங்க. முதல் உரிப்புக்கே மரத்துக்கு 25 வயது ஆகணும், அப்புறம் 9 வருஷத்துக்கு ஒருமுறைதான் உரிக்க முடியும், மூன்றாவது உரிப்பில் வரும் பட்டைதான் போத்தல் தக்கைக்குத் தேறும். நாம் பால்மரத்தை நட்டு ஆறேழு வருஷத்தில் பட்டையில் கத்தி வைத்துவிடுகிறோம். அந்த மரத்துக்காரர் 40 வருஷத்துக்கு மேல் காத்திருக்கிறார். பட்டையின் அருமை தெரிந்த நம்ம தோட்டத்து ஆட்கள் அதைக் குப்பையில் போடலாமா?

18. தக்கை உப்பி மறுபடி உள்ளே போகவில்லை என்றால் கொதிக்கிற தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுங்க, மெத்தென்று ஆகிவிடும். அப்படியும் நுழையாவிட்டால் மணல்காகிதத்தில் நுனியை லேசாகத் தேயுங்க.

19. சட்டி மூடியின் இரும்புக் கைப்பிடி சுடுகிறதா? வளைவுக்கு அடியில் ஒரு தக்கையை இறுக்கமாகச் சொருகிவிட்டால் துணி தேடாமல் தூக்கலாம். தக்கைக்குள் முழுக்கக் காற்று அறைகள், சூடு அவ்வளவு சுலபத்தில் ஏறாது.

20. பித்தளைக் குத்துவிளக்கின் இடுக்குகளில் விரல் நுழையாது. தக்கையை வெட்டி முனை கூராக்கி, புளியும் உப்பும் தொட்டுத் தேயுங்க. பாசி விட்டுப் பளிச்சென்று ஆகும், கீறலும் விழாது.

21. லாச்சியில் கிடக்கும் கத்தி முனை, ஊசி, கத்தரிக்கோல் நுனி எல்லாவற்றுக்கும் தக்கை ஒரு தொப்பி. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதை இன்றைக்கே செய்யலாம்.

22. சுங்கை கெத்திலிலோ சுங்கை மூடாவிலோ லம்பாம் பிடிக்கத் தூண்டில் போடுகிற அண்ணன்மாருக்கு மிதப்பு வாங்கும் செலவு மிச்சம். தக்கையில் ஊசியால் துளை போட்டு நரம்பைக் கோத்து, தீக்குச்சி அடித்து இறுக்கி, மேல்பாதிக்குச் சிவப்பு நகப்பூச்சு அடியுங்க. மாலை வெயிலிலும் தெளிவாகத் தெரியும்.

23. தக்கையை வில்லை வில்லையாக நறுக்கி சாமிப் படத்தின் பின்பக்கம் நாலு மூலையிலும் ஒட்டுங்க. படம் சுவரைத் தொடாமல் நிற்கும், மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிப்பது குறையும். நாற்காலிக் காலுக்கும் அதே வில்லைதான்.

24. உடைந்து தூளான தக்கையையும் வீணாக்க வேண்டாம், ஓர்கிட் தொட்டியில் கரித்துண்டோடு கலந்து போடுங்க. நகத்தால் கீறினால் உதிராமல் ரப்பர் மாதிரி எம்பினால் அது பிளாஸ்டிக் தக்கை. அதைச் செடிக்குப் போடாதீங்க.

25. மண்ணெண்ணெய் நூலைச் சுற்றித் தீ வைத்துப் போத்தலை இரண்டாக வெட்டுவதைக் காணொளியில் பார்த்துப் பிள்ளைகள் ஆசைப்படுவாங்க. கண்ணாடி எங்கே தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, விட்டுவிடுங்க. இரண்டு வெள்ளிக் கடையில் கிடைக்கிற பேட்டரி மின்விளக்குச் சரத்தை முழுப் போத்தலுக்குள் விட்டாலே தீபாவளிக்கு வாசல் ஜொலிக்கும்.

26. புல்மருந்து, ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் ஆசிட், மண்ணெண்ணெய், குளோராக்ஸ் எதையும் ஒருபோதும் குடிக்கிற போத்தலில் ஊற்றாதீங்க. தண்ணீர் என்றோ சாராயம் என்றோ நினைத்து எடுத்துக் குடித்துவிட்டால் போன உயிர் திரும்பாது. பாராகுவாட் ஒரு வாய் போனாலே ஆபத்து. மலேசியாவில் அதற்கு 2020 சனவரி 1 முதல் முழுத் தடை. பழைய சரக்கு எங்கேயாவது போத்தலில் ஒளிந்திருந்தால் யார் கைக்கும் எட்டாமல் தனியாகப் பூட்டி வைத்து, விவசாய இலாகாவில் விசாரியுங்க.

27. தேவைக்குப் போக மிஞ்சிய போத்தல்களை மழை படாத இடத்தில் படுக்க வைத்து அடுக்குங்க. கெடாவில் 2015 செப்டம்பர் 1 முதல் குப்பையை வீட்டிலேயே பிரித்துப் போடணும் என்பது சட்டம். தாமானில் இருக்கிறவங்க மறுசுழற்சி லோரி வருகிற நாளில் தனிப்பையில் கட்டி வெளியே வையுங்க. பொதுத் தொட்டி என்றால் பழுப்பு நிறத் தொட்டிதான் கண்ணாடிக்கு. உடைந்ததாக இருந்தால் நாலு மடிப்புப் பழைய நாளிதழில் சுற்றி, டேப் ஒட்டி, மேலே பெரிய எழுத்தில் ‘காச்சா’ என்று மலாயில் எழுதிவிடுங்க. பை தூக்குகிறவர் கையும் நம்ம வீட்டுக் கை மாதிரிதான்.