திடீர்த் தலையிடியும் 15ஆம் இலக்கமும்

மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடியின் சுவர், பெரும்பாலும் அது கிளை பிரியும் இடத்தில், மெலிந்து சிறு பைபோல் புடைத்திருப்பதே அனெவ்ரிசம் எனப்படுகிறது. வளர்ந்தோரில் 100 பேருக்கு ஏறத்தாழ மூவரிடம் இது காணப்பட்டாலும், பெரும்பாலானவை வாழ்நாள் முழுவதும் வெடிப்பதில்லை. வெடித்தால் மூளையைச் சூழ்ந்த படலங்களுக்கிடையே குருதி பரவுகிறது; இதுவும் ஒருவகைப் பாரிசவாதமே. பாரிசவாதம் என்றதும் வாய் கோணுவதையும் ஒரு கை சோர்வதையுமே எதிர்பார்ப்பவர்கள், இவ்வகையில் தலையிடி மட்டுமே தோன்றக்கூடும் என்பதை முதலில் அறிய வேண்டும்.

அந்தத் தலையிடியை அடையாளம் காட்டுவது அதன் வேகமாகும். அடுப்பிலிருந்து சட்டியை இறக்கி வைப்பதற்குள், முன்பு ஒருபோதும் அறியாத கடுமையுடன் அது உச்சத்தை எட்டிவிடும். வாந்தி, பிடரி விறைப்பு, மயக்கம், வலிப்பு ஆகியவையும், ஒரு கண்ணின் இமை திடீரெனத் தொங்கி அதன் கண்மணி விரிதலும் ஐயத்தை வலுப்படுத்தும். வலி தணிந்தாலும் ஆபத்து நீங்கியதாகக் கொள்ளலாகாது.

உடனே பிரான்சின் அவசர மருத்துவ உதவி இலக்கமான 15ஐ அழைக்க வேண்டும். முதலில் பேசுபவர் விவரங்களைப் பதிந்து மருத்துவரிடம் இணைப்பார் என்பதால் தொலைபேசியை வைத்துவிடக் கூடாது. ‘மால் த தெத் ப்ருதால்’, அதாவது திடீர்க் கடும் தலையிடி, என்று சொல்லி, அது தொடங்கிய மணியையும் கூற வேண்டும். பாரிஸ் புறநகரான லா கூர்னெவின் அடுக்குமாடிகளில் கட்டட இலக்கம், படிக்கட்டு, மாடி, வாசல் கோட் ஆகியவற்றைப் பதற்றத்தில் பிரெஞ்சில் சொல்வது எளிதன்று. இவற்றையும் உட்கொள்ளும் மருந்துகளையும் எழுதிய தாளொன்றைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இன்றே ஒட்டிவைப்பது நன்று.

காத்திருக்கையில் உணவோ தேநீரோ கொடுக்கலாகாது. குருதி உறைவதைத் தடுக்கும் அஸ்பிரின் அறவே கூடாது. நினைவிழந்து மூச்சு விடுபவரைப் பக்கவாட்டில் கிடத்த வேண்டும்.

பாரிஸின் லா சப்பெல் கடைத்தெருவில் நிற்பவருக்கு லாரிபுவாசியர் மருத்துவமனை நடைதூரமே எனினும், நோயாளியை நடத்திச் செல்லாமல் 15ஐயே அழைக்க வேண்டும். எங்கு சிகிச்சை உடனே கிடைக்கும் என்பதை மருத்துவரே தீர்மானிப்பார். ஸ்கானரில் கசிவு உறுதியானால், தொடை அல்லது மணிக்கட்டு நாடி வழியே மெல்லிய பிளாட்டினச் சுருளைச் செலுத்திப் பையை அடைப்பர், அல்லது மண்டையோட்டைத் திறந்து அந்தப் பையின் கழுத்தில் கிளிப் பொருத்துவர். மீண்டும் வெடிக்கும் ஆபத்து முதல் 24 மணி நேரத்திலேயே மிகுதி என்பதால்தான் இந்த அவசரம். ஏறத்தாழ 4ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரை மூளை நாடிகள் சுருங்கக்கூடும். அதனால் வரும் பாதிப்பைக் குறைக்க நிமோடிபின் வழக்கமாக 21 நாள்கள் தரப்படுகிறது. ஆகையால், அடைப்பு வெற்றியாக முடிந்த பின்னும் நோயாளியை வாரக்கணக்கில் வைத்திருப்பது கண்டு குடும்பத்தார் அஞ்ச வேண்டியதில்லை.

தடுப்பைப் பொறுத்தவரை, புகைப்பதை நிறுத்துவதும் (3989 என்ற தொலைபேசி இலக்கத்தில் உதவி கிடைக்கும்) குருதியழுத்தத்தைக் கட்டுப்படுத்துவதும் தலையானவை. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் இருவருக்கு அனெவ்ரிசம் இருந்திருந்தால், எம்ஆர்ஐ பரிசோதனை தேவையா எனக் குடும்ப மருத்துவரிடம் கேட்க வேண்டும். உறவினர் யாழ்ப்பாணத்திலும் டொரோன்டோவிலுமாகச் சிதறியுள்ள குடும்பங்களில், தலையிடி வந்து விழுந்து இறந்தவர் யாரேனும் உண்டா என்பதை மூத்தவர்களிடம் தொலைபேசியில் விசாரித்து, அந்த விவரத்தை எழுதிக்கொண்டே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.