பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பார்த்துச் சொல்லும் வேலை: எங்கே குனிவது, எதை எழுதுவது

பழைய ஸ்போர்ட்ஸ் காரை யாரும் அவசியத்துக்காக வாங்குவதில்லை, ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். ஆசை வந்துவிட்டால் குறை கண்ணில் படாது. அதனால்தான் வாங்குபவர் சார்பில் காரைப் பார்த்து, உள்ளதை உள்ளபடி எழுதித் தரும் ஆளுக்குத் தேவை இருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் சில வருடம் கிரீஸ் கையோடு வேலை பார்த்த மெக்கானிக்குக்கு இது நல்ல அடுத்த படி.

இந்த வேலை நன்றாக நிலைபெற்ற நாடு பிரிட்டன். அங்கே அதிகம் கைமாறும் ஒரு காரை வைத்தே முறையைப் பார்ப்போம். மாஸ்டா எம்.எக்ஸ்-5, 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். 2016-ல் இதன் தயாரிப்பு 10 லட்சத்தைத் தொட்டது. ஹெட்லைட் மேலெழும்பி நிற்கும் முதல் தலைமுறைக் கார்கள் 1997 வரை வந்தன. அவற்றுக்கு இப்போது வயது முப்பதை ஒட்டியும் தாண்டியும் இருக்கும்.

இந்தக் காரின் இன்ஜின் உழைப்பாளி. அப்படியே கெட்டாலும் வேறொன்றை வாங்கி மாட்டலாம். பாடி துருப்பிடித்தால் அறுத்து, புதுத் தகடு வைத்து, வெல்டிங் செய்து, பெயின்ட் அடிக்க வேண்டும். பல நேரம் அந்தச் செலவு காரின் விலையையே தாண்டிவிடும். ஆகவே முதலில் தாள், அடுத்து துரு, பிறகு இன்ஜின், கடைசியில் ஓட்டம் என்ற வரிசையை மாற்றாதீர்கள். இன்ஜின் சத்தத்தில் மயங்கித் தொடங்கினால் துருவைப் பார்க்கும் பொறுமை போய்விடும்.

கிளம்பும் முன்

பிரிட்டனில் 3 வயது தாண்டிய கார்களுக்கு ஆண்டுதோறும் எம்.ஓ.டி என்ற தகுதிச் சோதனை உண்டு. அதன் பழைய முடிவுகளை வண்டி எண்ணைக் கொடுத்து அரசு இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். தேறியதா, தவறியதா என்பதோடு நிறுத்தாமல் எச்சரிக்கைக் குறிப்புகளை வருட வரிசையில் படியுங்கள். ஒரு வருடம் 'பின்பக்கம் துரு' என்று இருந்து அடுத்த வருடம் அது காணாமல் போயிருந்தால், வெல்டிங் பில் எங்கே என்று கேளுங்கள். பில் இல்லையென்றால் அந்த இடத்தை இரண்டு மடங்கு நேரம் பாருங்கள்.

ஜப்பானிலிருந்து இறக்குமதியான முதல் தலைமுறைக் கார்கள் 'யூனோஸ் ரோட்ஸ்டர்' என்ற பெயரில் இருக்கும். அவற்றில் கிலோமீட்டர் கணக்கு பாதியில் மைலாக மாறியிருக்கலாம். ஓடிய தூரத்தில் ஒரு தாவலோ சரிவோ தெரிந்தால், எந்த அளவில் எழுதினார்கள் என்று முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

விற்பவரிடம் போனில் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: நான் வரும்வரை இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். போய் இறங்கியதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் அதையும் அறிக்கையில் எழுதுங்கள்.

துரு: பாதி நேரம் இங்கே

பனிக்காலத்தில் பிரிட்டன் சாலைகளில் உப்பு தூவுகிறார்கள். அது அடிப்பக்கத்தைத் தின்னும். எம்.எக்ஸ்-5-ல் உள்ளிருந்தும் ஒரு ஆபத்து உண்டு. துணிக்கூரையில் விழும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னால் இரு மூலைகளிலும் உள்ள குழாய் வழியாகக் கீழே இறங்க வேண்டும். இலைச் சருகும் மண்ணும் சேர்ந்து குழாயை அடைத்தால் நீர் கதவுக்கு அடியில் ஓடும் பெட்டிப் பகுதிக்குள், அதாவது சில் பகுதிக்குள் இறங்கித் தேங்குகிறது. வெளியே பெயின்ட் பளபளக்கும்போதே உள்ளே தகடு அரித்துக்கொண்டிருக்கும்.

சோதிப்பது எளிது. விற்பவரிடம் அனுமதி கேட்டு, அந்த மூலையில் அரை டம்ளர் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் காருக்கு அடியில் அது சொட்ட வேண்டும். சொட்டவில்லையென்றால் அடைப்பு. உடனே இருக்கைக்குப் பின்னால் உள்ள கார்ப்பெட்டை அழுத்திப் பாருங்கள், ஈரம் கையில் தெரியும். பிறகு மண்டியிட்டு, பின்சக்கர வளைவுக்கு முன்னால் சில் முடியும் இடத்தில் டார்ச் அடியுங்கள். பெயின்ட் கொப்புளம் போல எழும்பியிருக்கிறதா? மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை நகர்த்திப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டி இருக்கிறது.

சில்லின் மேல் பிளாஸ்டிக் மூடி போட்டிருந்தால் கூடுதல் கவனம் தேவை. எம்.ஓ.டி சோதனையாளர் எதையும் கழற்றிப் பார்க்க மாட்டார். ஆகவே சான்றிதழ் இருப்பதால் மூடிக்குப் பின்னால் தகடு நன்றாக இருக்கிறது என்று ஆகாது.

1998 முதல் வந்த இரண்டாம் தலைமுறைக் காராக இருந்தால், முன்பக்கச் சேஸிஸ் நீளச் சட்டங்களையும் பாருங்கள். இரட்டைத் தகடுக்கு இடையே துரு வளரும் இடம் அது. காரை ராம்ப்பில் ஏற்றாமல் இந்தச் சோதனை முழுமையாகாது.

இன்ஜின்

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் மேலே 'டிக் டிக்' சத்தம் வரலாம். ஹைட்ராலிக் டாப்பெட்டில் ஆயில் நிறையும்வரை வரும் சத்தம் அது. சூடானதும் அடங்கினால் பயப்பட வேண்டியதில்லை. நீல நிறப் புகை விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது. டைமிங் பெல்ட் மாற்றிய பில்லைக் கேளுங்கள், 60,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது.

1991-க்கு முன்பான 1.6 லிட்டர் இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட்டின் முன்முனை குட்டையானது. அங்கே சாவிக்காடி தேய்ந்தால் புல்லி ஆடத் தொடங்கும். புல்லியின் நடுப்பகுதியில் 4 வெட்டு இருந்தால் குட்டை முனை, 8 இருந்தால் திருத்தப்பட்டது. இன்ஜின் ஓடும்போது புல்லி வட்டம் தவறாமல் சுற்றுகிறதா என்று பாருங்கள்.

இன்ஜினின் பின்பக்கம் ஆயில் வழிந்தால் அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள். மேலே உள்ள கேம் சென்சாரின் ஓ-ரிங் காய்ந்தாலும் ஆயில் கியர் பாக்ஸ் மீதுதான் இறங்கும். சில்லறைக் காசு ரப்பர் வளையம் அது. பின்பக்கக் கிராங்க் சீல் என்றால் கியர் பாக்ஸையே இறக்க வேண்டும். நன்றாகத் துடைத்துவிட்டு, ஓட்டி வந்து, ஈரம் மேலிருந்து தொடங்குகிறதா என்று பார்த்த பிறகே எழுதுங்கள்.

ஓட்டம்

முதல் சில நிமிடங்களில் இரண்டாம் கியர் கரகரப்பது இந்தக் காருக்குப் பழக்கம். சூடான பிறகும் தொடர்ந்தால் உள்ளே தேய்மானம். கிளட்ச் பெடல் தரையை ஒட்டிப் பிடித்தால் கீழே உள்ள ஸ்லேவ் சிலிண்டரில் கசிவைத் தேடுங்கள். ஹேண்ட் பிரேக் பிடிக்காவிட்டால் பின்பக்கக் காலிப்பர் இறுகியிருக்கக்கூடும்.

அறிக்கை

அறிக்கைதான் உங்கள் சரக்கு. மூன்று பகுதியாகப் பிரியுங்கள்: இன்றே ஓட்டத் தகாத குறை, ஒரு வருடத்துக்குள் செலவு வைக்கும் குறை, கண்காணித்தால் போதுமான குறை. ஒவ்வொன்றுக்கும் போட்டோவும் உத்தேசச் செலவும் வையுங்கள். 'நல்ல கார்', 'மோசமான கார்' போன்ற சொற்களைத் தவிருங்கள். 'இடது சில்லின் பின்முனையில் கட்டைவிரல் அகலத்துக்குப் பட்டி' என்று எழுதினால் வாங்குபவர் விலை பேசலாம். பார்க்க முடியாத இடங்களைத் தனியாகக் குறிப்பிடுங்கள். அது வாங்குபவரையும் காக்கும், உங்களையும் காக்கும்.

தகுதியும் நேர்மையும்

பிரிட்டனில் எம்.ஓ.டி சோதனையாளர் ஆவதற்கே 4 வருட முழுநேர ஒர்க்‌ஷாப் அனுபவம் கேட்கிறார்கள். உங்களுக்கும் அதை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் காரையும் பார்க்கிறேன் என்று கிளம்பாமல் ஒன்றிரண்டு மாடலை ஆழமாகக் கற்றுக்கொள்ளுங்கள். எந்தக் கார் எங்கே அரிக்கும் என்பது தெரிந்தவரைத் தேடித்தான் ஆட்கள் வருவார்கள்.

விற்பவரிடமிருந்து கமிஷன் வாங்காதீர்கள். குறை கண்ட காரை நானே ரிப்பேர் செய்து தருகிறேன் என்றும் சொல்லாதீர்கள். பார்ப்பவரும் பழுது பார்ப்பவரும் ஒரே ஆளாக இருந்தால் அறிக்கைக்கு மதிப்பில்லை. வாங்குபவர் கொடுக்கும் கட்டணம் ஒன்றுதான் உங்கள் வருமானம் என்றிருந்தால், 'இதை வாங்காதீர்கள்' என்று சொல்ல ஒருநாளும் தயங்க மாட்டீர்கள்.